வேதியியல் மாணவர்களுக்கான திறமூல மென்பொருள் வழிகாட்டல் திட்டங்கள்: வடசென்னையிலிருந்து சேர்வது எப்படி?

தொண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். மார்ச் மாதக் கடைசி வந்துவிட்டால் போதும், போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்காம். என்ன எழுதணும்?" இரண்டு நாளில் எழுதக்கூடியது ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். இந்தத் திட்டங்களில் விண்ணப்பம் என்பது கடைசிப் படி. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நீங்கள் செய்ததைத்தான் தேர்வு செய்பவர்கள் பார்க்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

பி.எஸ்ஸி. அல்லது எம்.எஸ்ஸி. வேதியியலோ, கெமிக்கல் இன்ஜினியரிங்கோ படிப்பவர்களை நினைத்து எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி என்று எங்கே படித்தாலும் சரி. இந்தத் திட்டங்களில் யாரும் கல்லூரியின் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

முதலில், என்னென்ன திட்டங்கள்

கூகுள் சம்மர் ஆஃப் கோடு, சுருக்கமாக ஜிசாக், 2005-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில், பங்கேற்கும் திறமூல அமைப்புகளின், அதாவது மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்து மென்பொருள் செய்பவர்களின், பட்டியல் வரும். ஒவ்வோர் அமைப்பும் தனக்குத் தேவையான வேலைகளை முன்வைக்கும். நீங்கள் ஒன்றைத் தேர்ந்து திட்ட முன்மொழிவு எழுத வேண்டும். தேர்வானால் ஒரு மென்டர், அதாவது வழிகாட்டி, கிடைப்பார், கோடை முழுக்க வேலை, உதவித்தொகையும் உண்டு. 2022 முதல் மாணவராக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 18 வயது நிரம்பி, திறமூல உலகுக்குப் புதியவராக இருந்தால் போதும். ஏறக்குறைய 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவுகளில் வேலைகள் உண்டு. எல்லா அமைப்புகளும் மூன்றையும் தருவதில்லை.

வீட்டில் "கூகுள்ல வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்பார்கள். இது வேலை இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தெரு முழுக்கச் செய்தி பரவி, செப்டம்பரில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வேதியியலுக்கு முக்கியமான அமைப்பு ஓப்பன் கெமிஸ்ட்ரி. மூலக்கூறுகளை வரைந்து பார்க்கும் அவகாட்ரோ, ஒரு கோப்பு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் ஓப்பன் பேபல், மூலக்கூறுகளை நிரலுக்குள் கையாளும் ஆர்டிகிட், குவாண்டம் வேதியியல் கணக்குகளின் முடிவுகளைப் படித்தெடுக்கும் சிசிலிப் ஆகியவை பல ஆண்டுகளாக இந்தக் குடையின் கீழ் ஜிசாக்கில் வந்திருக்கின்றன. எந்த ஆண்டு எது இருக்கும் என்பதை அந்த ஆண்டின் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல வாசல் இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஃபாஸீ திட்டம். மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில் நடப்பது. கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு அதில் டிடபிள்யூசிம் என்ற திறமூலச் செயல்முறை மென்பொருளில் ஃப்ளோஷீட், அதாவது செயல்முறை வரைபடம், உருவாக்கும் வேலை இருக்கிறது. கோடைக்கால ஃபெல்லோஷிப்பும் உண்டு. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது

"எனக்குக் கோடிங் வராது, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைங்களோட எப்படிப் போட்டி போடறது?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஜிசாக்குக்கு வரும் விண்ணப்பங்களில் கோடு தெரிந்தவர்கள் ஏராளம். வந்த விடை வேதியியலுக்குப் பொருந்துகிறதா என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

ஒரு உதாரணம். எத்தேன் மூலக்கூறில் நடுப் பிணைப்பைச் சுற்றி ஒரு மெத்தில் சுழலும்போது ஏற்படும் ஆற்றல் தடை மோலுக்குச் சுமார் 3 கிலோ கலோரி. எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால் சுமார் 0.13. குவாண்டம் வேதியியல் மென்பொருள்கள் பெரும்பாலும் ஹார்ட்ரீ அலகில் ஆற்றலைத் தருகின்றன. ஒரு ஹார்ட்ரீ என்பது மோலுக்கு 627.5 கிலோ கலோரி. யாரோ ஒருவர் எலக்ட்ரான் வோல்ட்டில் இருந்த எண்ணை ஹார்ட்ரீ என்று நினைத்து 627.5-ஆல் பெருக்கிவிட்டார் என்று வையுங்கள். விடை 80 பக்கம் வரும். கோடு பிழையில்லாமல் ஓடும், டெஸ்ட் கூடப் பாஸ் ஆகலாம். ஆனால் எத்தேனின் கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்கவே சுமார் 90 கிலோ கலோரிதான் வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்த 80 உறுத்தும். சும்மா சுழல்வதற்கு இவ்வளவா என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரை மென்டர்கள் விடமாட்டார்கள்.

மார்கஸ் ஹான்வெல் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, 2007-ல் ஜிசாக் வழியாகத்தான் அவகாட்ரோவுக்குக் கோடு எழுத வந்தார். பின்னாளில் ஓப்பன் கெமிஸ்ட்ரியை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். அறிவியல் பக்கமிருந்து உள்ளே வருவது இந்தத் துறையில் வழக்கமான பாதைதான்.

ஆகஸ்ட், செப்டம்பர்: அடிப்படை

பைத்தான், லினக்ஸ் கமாண்ட் லைன், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் ஆகிய மூன்றும் வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் தொடங்கலாம். பைத்தான், லினக்ஸ் பாடங்களைத் தமிழ்க் குரலில் கேட்கலாம். பாடத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஏறாது. நிறுத்தி நிறுத்தித் தட்டிப் பாருங்கள்.

மடிக்கணினி பழையதா, 4 ஜிபி ரேம்தானா? பரவாயில்லை, பைத்தான் பக்கமாகவே இருங்கள். ஆர்டிகிட்டை பிப் கட்டளை ஒன்றில் நிறுவிவிடலாம். அதுவும் முடியவில்லை என்றால் கூகுள் கோலாப் இருக்கிறது, பிரவுசர் போதும். அவகாட்ரோ சி++ மொழியில் க்யூட்டி நூலகத்தோடு எழுதப்பட்டது. அதை மூலத்திலிருந்து பில்ட் செய்யும்போது சின்ன மடிக்கணினி திணறும். ஒரே நேரத்தில் ஒரு கோப்பை மட்டும் கம்பைல் செய்யச் சொல்லிவிட்டு இரவு ஓடவிடுவது ஒரு வழி. போன் ஹாட்ஸ்பாட்டில் டேட்டா செலவாகிறது என்றால், கிட் குளோன் செய்யும்போது ஆழம் 1 என்று கொடுங்கள். பழைய வரலாறு முழுக்க இறங்காமல் இப்போதைய கோடு மட்டும் வரும்.

இன்னொரு பிரச்சினை உட்கார இடம். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் ஒற்றை அறை வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது மூன்று மணி நேரம் யோசித்துக் கோடு எழுதுவது நடக்கிற காரியம் இல்லை. கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கல்லூரிக் கணினி ஆய்வகத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கத் துறைத் தலைவரிடம் ஐந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். ஒருவர் போய்க் கேட்டால் "பார்க்கலாம்பா" என்பார்கள்.

சென்னையில் மாதாமாதம் கூடும் சென்னைப்பை என்ற பைத்தான் குழு, சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற இலவசக் கூட்டங்களுக்கும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

அக்டோபர்: யூரியாவில் தொடங்குங்கள்

எந்த மூலக்கூறில் பழகுவது? மணலி உரத் தொழிற்சாலை யூரியா செய்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். ஆர்டிகிட்டில் மூலக்கூறுகளை ஸ்மைல்ஸ் என்ற குறியீட்டில் எழுதலாம். டேவிட் வீனிங்கர் 1980-களில் உருவாக்கிய முறை. எத்தனாலை "சிசிஓ" என்று மூன்றே எழுத்தில் எழுதிவிடலாம். யூரியாவுக்கு ஒரு சி, அடைப்புக்குறிக்குள் இரட்டைப் பிணைப்போடு ஓ, இன்னோர் அடைப்புக்குறிக்குள் ஒரு என், கடைசியில் வெளியே ஒரு என்.

இப்போது ஆர்டிகிட்டிடம் இதில் எத்தனை அணுக்கள் என்று கேளுங்கள். 4 என்று சொல்லும். யூரியாவில் 8 அணுக்கள் அல்லவா? ஹைட்ரஜன்களை அது மறைமுகமாக வைத்துக்கொள்கிறது, எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஹைட்ரஜன் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் 8 வரும். ஆனால் மூலக்கூறு எடையைக் கேட்டால் முதலிலேயே 60.06 என்று சரியாகச் சொல்லும், அங்கே ஹைட்ரஜனும் கணக்கில் உண்டு. ஒரே பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள், இரண்டு விதமான கணக்கு. புதியவர்கள் இடறும் இடம் இதுதான்.

அடுத்து நைட்ரஜன் சதவீதம். 28.01-ஐ 60.06-ஆல் வகுத்தால் 46.6. உர மூட்டையில் 46 என்றுதான் போட்டிருக்கும். கொஞ்சம் ஈரமும், தயாரிப்பின்போது உண்டாகும் பையூரெட் என்ற பக்கப் பொருளும் இருப்பதால் விற்பனை யூரியா முழுத் தூய்மையாக இருப்பதில்லை. கணக்கு தரும் எண்ணுக்கும் மூட்டை எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க முடிகிறதா? அப்படியானால் அடுத்ததற்குப் போகலாம்.

வேண்டுமென்றே தப்பு செய்யுங்கள். நியோபென்டேனின் மையக் கார்பனுக்கு இன்னொரு மெத்திலை ஒட்டிவிடுங்கள். கார்பனுக்கு ஐந்து பிணைப்பு. ஆர்டிகிட் நிரலை நிறுத்தாது. ஒரு எச்சரிக்கையைத் திரையில் போட்டுவிட்டு, மூலக்கூறுக்குப் பதிலாக வெறுமையைத் திருப்பித் தரும். அந்த எச்சரிக்கை, அணு எண் 1, கார்பன், இணைதிறன் 5, அனுமதித்ததைவிட அதிகம் என்று இருக்கும். நீங்கள் எழுதிய வரிசையில் அது இரண்டாவது கார்பன். எண்ணிக்கை 0-ல் தொடங்குவதால் 1 என்கிறது. இந்த வெறுமையைக் கவனிக்காமல் அடுத்த வரியில் எடையைக் கேட்டால் அங்கேதான் நிரல் உடையும். உடனே எல்லோரும் உடைந்த வரியையே முறைத்துப் பார்ப்பார்கள், காரணமோ முந்தைய வரியில் இருக்கும். மாறாக, நைட்ரோ தொகுதியை நைட்ரஜனுக்கு ஐந்து பிணைப்போடு எழுதிப் பாருங்கள். சத்தமில்லாமல் மின்சுமை பிரித்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். கார்பனைத் திருத்தாத மென்பொருள் நைட்ரோவை மட்டும் ஏன் திருத்துகிறது என்று யோசித்துக்கொண்டே இருங்கள், ஒரு நல்ல மாலைப் பொழுது அதிலேயே போகும்.

நவம்பர் முதல் ஜனவரி: முதல் பங்களிப்பு

ஒரே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். நான்கில் கால் வைத்தால் எதிலும் நிலைக்க மாட்டீர்கள். பைத்தான் மட்டும் தெரியும் என்றால் சிசிலிப் நல்ல தொடக்கம். கணக்கு மென்பொருள்கள் எழுதும் நீளமான வெளியீட்டுக் கோப்புகளிலிருந்து எண்களைப் பொறுக்கியெடுப்பதுதான் அதன் வேலை. ஆர்டிகிட்டின் உள்கட்டமைப்பு சி++, வெளியே பைத்தான். ஆவணங்களிலும் எடுத்துக்காட்டுகளிலும் உதவ பைத்தான் போதும்.

மென்பொருளின் மூல நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூ பட்டியலை, அதாவது பிழைகளும் கோரிக்கைகளும் பதிவாகும் பட்டியலை, படியுங்கள். முதல் இரண்டு வாரம் படிப்பதோடு சரி. யாரோ ஒரு பிழையைப் பற்றி எழுதியிருப்பார்கள். அதை உங்கள் கணினியில் மறுபடி வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். வந்தால், எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில், எந்தச் சிறிய உதாரணத்தில் வந்தது என்று எழுதுங்கள். வராவிட்டால் அதையும் எழுதுங்கள். இதற்குக் கோடு ஒரு வரிகூட வேண்டாம், மென்பொருளைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களுக்கு இது எவ்வளவு உதவி என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அதன் பிறகு சின்ன புல் ரிக்வெஸ்ட், அதாவது நீங்கள் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை. ஆவணத்தில் ஓடாத எடுத்துக்காட்டைச் சரிசெய்வது, விட்டுப்போன டெஸ்ட் ஒன்றைச் சேர்ப்பது, இப்படி ஏதாவது. எழுத்துப்பிழைத் திருத்தங்களை வரிசையாக அனுப்பி எண்ணிக்கை ஏற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது யாரையும் ஏமாற்றாது. அவகாட்ரோவின் மொழிபெயர்ப்பு வெப்லேட் தளத்தில் நடக்கிறது. தமிழில் பள்ளி வேதியியல் படித்தவர்கள் பாடநூல் சொற்களைக் கொண்டு அங்கே உதவலாம். பேராசிரியர் ஜெஃப்ரி ஹட்சிசன் உள்ளிட்ட அவகாட்ரோ குழுவினர் எப்படிப் பேசுகிறார்கள், எப்படித் திருத்தம் சொல்கிறார்கள் என்பதும் பழகிவிடும்.

உரிமம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓப்பன் பேபல் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, அதன் கோடைச் சேர்க்கும் மென்பொருளையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ஆர்டிகிட்டும் அவகாட்ரோ 2-ம் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி வகை உரிமத்தில். ஓப்பன் பேபலில் நன்றாக எழுதிய ஒரு பகுதியைப் பார்த்து அப்படியே ஆர்டிகிட்டில் ஒட்டக் கூடாது. எல்லாம் இலவசம்தானே என்று நினைத்தால் உங்கள் புல் ரிக்வெஸ்ட் அங்கேயே மூடப்படும்.

கேள்வி கேட்பது

மென்டர்களுக்கு கூகுள் சம்பளம் தருவதில்லை. தங்கள் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்குபவர்கள். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட், ப்ளீஸ் கைட் மீ" என்று தனி அஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. அதில் பதில் சொல்ல ஒன்றும் இல்லையே. பொது இடத்தில், திட்டத்தின் இஷ்யூவிலோ விவாதப் பகுதியிலோ கேளுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும், இலக்கணம் தப்பினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்தச் சாரம் இருந்தால் போதும்:

"இந்த இஷ்யூவை என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். இந்தக் கோப்பைக் கொடுத்தால் ஆற்றல் இந்த எண் வருகிறது. வெளியீட்டுக் கோப்பில் இருப்பதோ வேறு எண். இந்தச் செயல்பாட்டில் அலகு மாற்றம் இரண்டு முறை நடப்பதாக நினைக்கிறேன். இதைத் திருத்தி ஒரு டெஸ்ட்டோடு அனுப்பலாமா?"

சார் வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடலாம். நம் பிள்ளைகளுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். அங்கே அதுதான் மரியாதை.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் நமக்கு இரவு 7.30 ஆகும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 10, சுவிட்சர்லாந்தில் மாலை 4. நேரலைப் பேச்சுக்கு இரு பக்கமும் ஒத்துவரும் வேளை இது. மற்றபடி பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேள்விக்குறி போட்டு நினைவூட்டாதீர்கள்.

பிப்ரவரி, மார்ச்: முன்மொழிவு

மூன்று முன்மொழிவுகள் வரை அனுப்பலாம், ஒன்றுதான் தேர்வாகும். ஒன்றை ஒழுங்காக எழுதுவதே மேல். என்ன செய்யப் போகிறீர்கள், அது வேதியியல் பயனருக்கு எதற்கு, வாரம் வாரம் என்ன முடியும், எது தடங்கலாகலாம், எப்படிச் சோதிப்பீர்கள் என்பவை இருக்க வேண்டும். ஏற்கெனவே அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்களின் சுட்டிகளை மேலேயே வையுங்கள். சாட்ஜிபிடி எழுதிய முன்மொழிவு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும், எந்த மென்பொருளுக்கும் பொருந்துவதுபோல் இருக்கும். ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள அதைக் கேளுங்கள், சிந்தனையைக் கேட்காதீர்கள்.

வரைவை மார்ச் முதல் பாதியிலேயே மென்டரிடம் காட்டுங்கள். கடைசி வாரத்தில் அவருக்கு எல்லோரிடமிருந்தும் வரைவு வந்துகொண்டிருக்கும்.

கால அட்டவணையில் நம்மவர்கள் பொய் சொல்வது தேர்வுகளைப் பற்றித்தான். சென்னைப் பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில் வரும், கோடிங் காலம் தொடங்கிச் சில வாரத்தில் கல்லூரியும் திறந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு என்று இருக்கும்போது வாரம் 40 மணி நேரம் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். 175 மணி நேர வேலையை எடுங்கள். வழக்கமான காலம் 12 வாரம், மென்டர் சம்மதித்தால் 22 வாரம் வரை நீட்டலாம். தேர்வு வாரங்களை அட்டவணையில் வெளிப்படையாகக் குறியுங்கள்.

தேர்வான பிறகு

மே மாத வாக்கில் முடிவு வரும். வாரத்துக்கு ஒருமுறை, செய்தது, சிக்கியது, அடுத்தது என்று நான்கைந்து வரி எழுதி அனுப்புங்கள். சிக்கிக்கொண்டால் இரண்டு நாளைக்கு மேல் மறைக்காதீர்கள். திட்டத்தில் தோற்றவர்கள் பெரும்பாலும் கோடு வராமல் தோற்கவில்லை, பேச்சை நிறுத்தியதால் தோற்றார்கள். நடுவில் ஒரு மதிப்பீடு, கடைசியில் ஒன்று. கோடை முழுக்க எழுதிய நிரல் மொத்தத்தையும் ஆகஸ்டில் ஒரே புல் ரிக்வெஸ்ட்டாகக் கொட்டாமல், சின்னச் சின்னதாக அனுப்பி ஒவ்வொன்றையும் சேர்க்க வையுங்கள்.

பணம் இரண்டு தவணையாக, ஒவ்வொரு மதிப்பீட்டிலும் தேறிய பிறகு ஒன்றாக, பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக வரும். தொகை நாட்டின் வாங்கும் திறனைப் பொறுத்து மாறும், அந்த ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கும் பான் அட்டையும் வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பான் அட்டையில் இனிஷியல் விரித்து இன்னொரு பெயர், வங்கியில் மூன்றாவது பெயர் என்று இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. பிப்ரவரியிலேயே சரிசெய்துகொள்ளுங்கள், ஜூலையில் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் அலைய நேரம் இருக்காது.

கிடைக்காவிட்டால்

விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பதில்லை. செய்த பங்களிப்பு உங்கள் பெயரிலேயே இருக்கும், அடுத்த ஆண்டு அதே மென்டர் உங்களை அடையாளம் காண்பார்.

இதற்கிடையே கெமிக்கல் இன்ஜினியரிங் பிள்ளைகள் ஃபாஸீயின் டிடபிள்யூசிம் ஃப்ளோஷீட் திட்டத்தைப் பாருங்கள். புத்தகத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ உள்ள ஒரு செயல்முறையைத் தேர்ந்து முன்மொழிவு அனுப்ப வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் டிடபிள்யூசிமில் அதை உருவாக்க வேண்டும். மதிப்பாய்வில் தேறினால் சான்றிதழும் மதிப்பூதியமும் உண்டு, உங்கள் ஃப்ளோஷீட் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியாகும். ஏற்கெனவே செய்யப்பட்டவற்றின் பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். மணலியைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு யோசனைக்குப் பஞ்சம் இருக்காது. சலவைத் தூளுக்கான லீனியர் ஆல்கைல் பென்சீன் அங்கேதான் தயாராகிறது. பென்சீனோடு ஓலிஃபினைச் சேர்க்கும் உலை, பிறகு மிச்சமான பென்சீனைப் பிரித்து மறுபடி உலைக்கே அனுப்பும் காய்ச்சி வடிக்கும் கோபுரம் என்று இரண்டு அலகுகளோடு தொடங்கினால் போதும். மறுசுழற்சி ஓடையை இணைத்ததும் கணக்கு விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் அந்த ஓடையை இணைக்காமல் ஓட்டுங்கள், வந்த எண்களைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்துவிட்டுப் பிறகு இணையுங்கள்.